ஊர்களுக்காக வானில் இடம் தேடியவர்: டாக்டர் விக்ரம் சாராபாய்

நம்மில் பலருடைய வீட்டு மாடியில் தொலைக்காட்சிக்கான டிஷ் ஆண்டெனா ஒன்று இருக்கிறது. பெருங்காற்றில் அது சிறிது திரும்பிவிட்டாலும் படம் நின்றுபோகிறது. பழுது பார்ப்பவர் வந்து, முன்பிருந்த திசைக்கே இம்மியும் பிசகாமல் அதைத் திருப்பிப் பூட்டுகிறார். படம் மீண்டும் வருகிறது. வானம் இவ்வளவு பரந்து கிடக்க, அந்தத் தட்டு மட்டும் ஏன் ஒரே புள்ளியை நோக்கி நிற்க வேண்டும் என்று வீட்டுப் பிள்ளைகள் வினவினால், விடை கூறத் தெரிந்தவர்களாக நாம் இருத்தல் நலம்.

அத்திசையில், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு செயற்கைக்கோள் நிற்கிறது என்பதே விடை. 2022ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள், தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவிலுள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஏரியன் ராக்கெட் வழியாக இந்தியாவின் ஜிசாட்-24 விண்ணில் செலுத்தப்பட்டது. 4,180 கிலோ எடையுள்ள அது, வீடுகளுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அனுப்புவதற்கென்றே அமைக்கப்பட்டது. அதற்குக் குறிக்கப்பட்ட இடம் கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகை. நிலப்படத்தில் அந்த ரேகையைத் தேடினால், அது காசி நகரை ஒட்டியும் விசாகப்பட்டினத்தை ஒட்டியும் தெற்கே இறங்கி, வங்கக் கடலில் புகுந்து, இலங்கைக்குக் கிழக்கே கடந்து, நடுக்கடலில் பூமத்திய ரேகையை வெட்டுவதைக் காணலாம். அந்த வெட்டுப் புள்ளிக்கு நேர் மேலேதான் அக்கோளுக்கு இடம் குறிக்கப்பட்டது.

தொலைக்காட்சிக்கான ஒரு செயற்கைக்கோளை வானில் எங்கே நிறுத்துவது என்னும் கேள்வி, கணித வல்லுநர்களுக்கு மட்டுமே உரியது போலத் தோன்றும். யாருக்காக நிறுத்துவது என்பதை முதலில் கேட்டு, இடத்தைப் பிறகு தேடிய பெரியார் ஒருவர் நம் நாட்டில் வாழ்ந்தார். அவர் இந்திய விண்வெளி ஆய்வின் தந்தை என்று போற்றப்படும் டாக்டர் விக்ரம் அம்பாலால் சாராபாய். சமண மரபில் வந்த குடும்பத்தில் பிறந்த அவருடைய வாழ்வை நம் இல்லங்களில் உள்ள இளையோர் அறிந்திருத்தல் வேண்டும் என்னும் எண்ணத்தால் இதனை எழுதுகிறோம்.

பிறப்பும் வளர்ப்பும்

விக்ரம் சாராபாய் 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் அகமதாபாத் நகரில் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய், பெரும் நூற்பாலை அதிபர். தாயார் சரளாதேவி. இவர்களுக்கு மக்கள் எண்மர். குஜராத்தின் சமண வணிகர் மரபில் வந்த அக்குடும்பம் சடங்குகளை இறுகப் பற்றிய குடும்பம் அன்று. ஆயினும் ஈட்டிய பொருள் தமக்கு மட்டும் உரியதன்று என்னும் கொள்கை அவ்வீட்டில் வேரூன்றி இருந்தது.

1915இல் காந்தியடிகள் அகமதாபாத் ஆசிரமத்தில் தீண்டத்தகாதவர் எனப்பட்ட குடும்பம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டபோது, அதுவரை பொருளுதவி செய்துவந்தோர் கையை மடக்கிக்கொண்டனர். ஆசிரமம் மூடப்படும் நிலைக்கு வந்தது. அவ்வேளையில் ஒரு செல்வர் காரில் வந்து, உள்ளே நுழையாமலே 13,000 ரூபாயை அடிகளிடம் கொடுத்துவிட்டுச் சென்றார். காந்தியடிகள் தம் வரலாற்றில் அவர் பெயரைக் குறிக்கவில்லை. அவர் அம்பாலால் சாராபாயே என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். அம்பாலாலின் உடன்பிறந்தாளும் விக்ரமுக்கு அத்தையும் ஆகிய அனசூயாபேன், 1918ஆம் ஆண்டு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றார். ஆலை முதலாளிகளின் பக்கத்தில் நின்றவர் அவருடைய தம்பியே. கருத்தால் எதிரெதிர் நின்றும் உறவால் பிரியாத அவ்வீட்டில்தான் விக்ரம் வளர்ந்தார்.

பிள்ளைகளின் கல்விக்கென்று பெற்றோர் தம் மாளிகை வளாகத்திலேயே ஒரு பள்ளியை நடத்தினர். மாண்டிசோரி அம்மையாரின் முறையைப் பின்பற்றி, குழந்தை தானே செய்து தானே கற்கும் வழியில் அங்குப் பாடம் நடந்தது. சிறுவன் விக்ரமுக்கு இயந்திரங்களில் நாட்டம் மிகுதி. பதின்ம வயதில் அவர் செய்த நீராவி எஞ்சின் மாதிரி ஒன்று, பிற்காலத்தில் அவர் அகமதாபாத்தில் நிறுவிய சமுதாய அறிவியல் மையத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அவ்வீட்டிற்குக் காந்தியடிகள், தாகூர், நேரு, சர் சி. வி. இராமன் போன்ற பெருமக்கள் வந்து செல்வர். சான்றோரைக் கண்டும் கேட்டும் வளரும் பேறு அவருக்கு இளமையிலேயே வாய்த்தது.

கல்வியும் இல்லறமும்

குஜராத் கல்லூரியில் பயின்றபின் விக்ரம் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்து 1940இல் இயற்கை அறிவியலில் தேர்ச்சி பெற்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டமையால் தாயகம் திரும்பி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் இராமன் அவர்களின் கீழ் அண்டக் கதிர் ஆய்வில் ஈடுபட்டார். விண்வெளியின் ஆழத்திலிருந்து இடையறாது வந்து புவியின்மேல் பொழியும் நுண்துகள்களே அண்டக் கதிர்கள். அவை எல்லா இடத்திலும் ஒரே அளவில் பொழிவதில்லை. புவியின் காந்தப் புலத்தில் நாம் நிற்கும் இடத்துக்கேற்ப அளவு மாறும். எங்கே நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே வானம் தன்னைக் காட்டும் என்னும் பாடத்தை அவர் இவ்வாறு இளமையிலேயே கற்றார். கருவிகளைச் சுமந்துகொண்டு காஷ்மீரத்து மலைகளின் மேலும் ஏறி அளவெடுத்தார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, வெப்ப மண்டலப் பகுதிகளில் அண்டக் கதிர்கள் பற்றிய ஆய்வுக்கு 1947இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1942இல் சென்னையில் அவர் திருமணம் நடந்தது. மணமகள் மிருணாளினி, சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கிய சுவாமிநாதன் அவர்களுக்கும் விடுதலைப் போராட்ட வீராங்கனை அம்மு சுவாமிநாதன் அவர்களுக்கும் மகள். நேதாஜியின் படையில் பணிபுரிந்த கேப்டன் லட்சுமியின் தங்கை. வெள்ளையனே வெளியேறு இயக்கம் நாடெங்கும் கொந்தளித்த அந்நாளில் மணமகன் வீட்டார் எவரும் சென்னைக்கு வர இயலவில்லை. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் பயின்ற மிருணாளினி அம்மையார் 1949இல் அகமதாபாத்தில் தர்ப்பணா கலைக்கூடத்தை நிறுவினார். தஞ்சைத் தரணியின் கலை சாபர்மதிக் கரையில் வேர்விட்டது இவ்வாறுதான்.

நாடு விடுதலை பெற்ற சில திங்களில், 1947 நவம்பர் 11ஆம் நாள், விக்ரம் சாராபாய் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 28. அதன் முதல் இயக்குநராக, பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த வானிலை அறிஞர் கே. ஆர். இராமநாதன் அவர்களை அழைத்து அமர்த்தினார். தாம் பொருளும் உழைப்பும் தந்து தொடங்கிய நிறுவனத்தின் தலைமையை மூத்தவர் ஒருவரிடம் ஒப்படைத்துத் தாம் பக்கத்தில் நின்ற பெருந்தன்மையை நாம் இங்குக் கருத வேண்டும். ஆலைத் தொழில் ஆய்வுக் கழகம், 1961இல் தொடங்கிய இந்திய மேலாண்மைக் கழகம் எனப் பல நிறுவனங்கள் அவர் முயற்சியால் அந்நகரில் எழுந்தன.

தும்பாக் கடற்கரை

1962இல் இந்திய விண்வெளி ஆய்வுக்கான தேசியக் குழு அமைந்தபோது சாராபாய் அதன் தலைவரானார். ராக்கெட் ஏவுவதற்குரிய இடத்தைத் தேடும் பணி தொடங்கியது. பல கடற்கரைகளைப் பார்த்தபின் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவ ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது. புவிக் காந்தத்தின் நடுக்கோடு அவ்வூர் வழியே செல்கிறது. அக்கோட்டின் மேலே, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், வளிமண்டலத்தில் ஒரு மின்னோட்டம் ஆறு போல் பாய்கிறது. பலூன் அவ்வுயரத்தை எட்டாது. செயற்கைக்கோள் அவ்வளவு தாழ்வாகப் பறக்க இயலாது. சிறு ராக்கெட் ஒன்றே அதனுள் புகுந்து அளக்க வல்லது.

தெரிவு செய்த நிலத்தில் மீனவர்களின் வீடுகளும் புனித மரிய மகதலேனா தேவாலயமும் இருந்தன. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா அவர்களைக் கண்டு வேண்டினார். ஆயர் ஞாயிறு வழிபாட்டில் மக்களிடம் அதனை எடுத்துரைக்க, மக்கள் இசைந்தனர். வழிபாட்டு இடம் பணிமனையாயிற்று. ஆயரின் இல்லம் அலுவலகமாயிற்று. ராக்கெட்டின் பாகங்கள் மிதிவண்டியில் ஏற்றிச் செல்லப்பட்ட காட்சியை நாம் படங்களில் கண்டிருக்கிறோம். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்களும் அங்குப் பணியாற்றிய இளைஞருள் ஒருவர். 1963 நவம்பர் 21ஆம் நாள் அந்தியில் முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவுடையது, இடம் நம்முடையது. இடமே நம் முதற்பொருளாக அமைந்தது.

ஊர்களுக்குத் தொலைக்காட்சி

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று அந்நாளில் பலர் கேட்டனர். கேள்வியில் நியாயம் இருந்தது. நாட்டில் பஞ்சம் நிலவிய காலம் அது. சந்திரனுக்கு ஆள் அனுப்பும் போட்டியில் செல்வ நாடுகளோடு ஓடும் எண்ணம் தமக்கு இல்லை என்பதைச் சாராபாய் தெளிவுபடுத்தினார். எளிய மக்களின் குறைகளைத் தீர்ப்பதற்கு உயர்ந்த தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதில் இந்தியா யாருக்கும் பின்தங்கிவிடலாகாது என்பதே அவர் கொள்கை.

அக்கொள்கைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் தொலைக்காட்சி. இதுவே பலருக்கு வியப்பளித்தது. தொலைக்காட்சி அந்நாளில் செல்வர் வீட்டு ஆடம்பரம் என்றே கருதப்பட்டது. 1959இல் தில்லியில் தொடங்கிய நிலையம் ஒன்றே நாடு முழுமைக்கும் இருந்த ஒரே நிலையம். 1967 ஜனவரி 26ஆம் நாள், தில்லியைச் சூழ்ந்த 80 ஊர்களுக்கு உழவர்க்கான நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. இதில் சாராபாயின் முயற்சி பெரிது. உழவர் அதனை ஆர்வத்துடன் கண்டு பயன்கொண்டதை அவர் கவனித்தார்.

நகரத்தில் கோபுரம் எழுப்பி, அதிலிருந்து சிறிது சிறிதாக வெளியூர்களுக்கு ஒளிபரப்பைக் கொண்டுசெல்வதே அந்நாளைய வழக்கம். அவ்வாறு சென்றால் மலையடிவாரத்து ஊருக்கும் காட்டோரத்துக் குடிக்கும் அது வந்துசேர எத்தனை தலைமுறை ஆகுமோ! சாராபாய் வரிசையையே மாற்ற விரும்பினார். வானில் உரிய இடத்தில் ஒரு செயற்கைக்கோள் நின்றால், அதன் அலைக்குத் தில்லி மாநகரும் ஒரிசாவின் சிற்றூரும் ஒன்றே. சாலை இல்லாத ஊருக்கும் அதே நொடியில் படம் சென்றுசேரும். ஆகவே கடைக்கோடி ஊரிலிருந்து தொடங்குவோம் என்றார். அவ்வாறு செய்வது செலவிலும் குறைவு என்று கணக்கிட்டுக் காட்டினார்.

இங்கு அக்கோள் நிற்கும் முறையைச் சிறிது விளக்குவோம். பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் கிழக்கு நோக்கிச் சுற்றும் கோள், பூமி தன்னைத் தானே ஒருமுறை சுற்றிக்கொள்ளும் அதே நேரத்தில் தன் சுற்றையும் முடிக்கிறது. ஆதலால் கீழிருந்து நோக்குவோர்க்கு அது அசையாமல் நிற்பதாகவே படும். அவ்வளையம் ஒன்றே ஒன்று. உலக நாடுகள் அனைத்தும் அதனைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒரே அலைவரிசையில் இயங்கும் இரு கோள்கள் நெருங்கி நின்றால் ஒன்றன் செய்தி மற்றொன்றில் கலந்து குழம்பும். எனவே ஐக்கிய நாடுகள் அவையின் சார்பான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழியே இடங்களும் அலைவரிசைகளும் பதிவு செய்யப்படுகின்றன. வானிலும் வரப்பு உண்டு. அயலார் உரிமையும் உண்டு.

1960களில் அவ்வளையத்தில் நிறுத்தும் அளவுக்கு ஒரு கோளைச் செய்யவோ ஏவவோ இந்தியாவுக்கு ஆற்றல் இல்லை. ஆற்றல் வரும்வரை காத்திருக்கச் சாராபாய் ஒருப்படவில்லை. 1967இல் அகமதாபாத்தில் செயற்கைக்கோள் தொடர்புக்கான தரை நிலையத்தை நிறுவி இளைஞர்களைப் பயிற்றுவித்தார். 1969 ஆகஸ்ட் 15ஆம் நாள் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாயிற்று. அதே ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள், அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவுடன் ஓர் உடன்பாடு கையெழுத்தாகியது. அதன்படி, அமெரிக்கா தன் கோள் ஒன்றை ஓராண்டுக்கு இந்தியா காணக்கூடிய இடத்தில் நிறுத்தித் தர வேண்டும். தரை நிலையங்களும் ஊர்களில் வைக்கும் பெட்டிகளும் நிகழ்ச்சிகளும் இந்தியாவின் பொறுப்பு. கோள் இரவல், கருத்தும் உழைப்பும் சொந்தம்.

மறைவு

1966 ஜனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தபின், அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாயின் தோளில் ஏறியிருந்தது. அகமதாபாத், பம்பாய், தில்லி, தும்பா என்று ஓயாது பயணம் செய்தார். நேரத்தை மிச்சப்படுத்தக் காரிலும் விமானத்திலும் கூடப் பணி பார்ப்பார். கடைநிலை ஊழியரிடமும் பெயர் சொல்லி நலம் விசாரிப்பார். உடலுக்கு ஓய்வு தரவில்லை.

1971 டிசம்பர் இறுதியில் தும்பாப் பணிகளைப் பார்வையிட வந்து, கோவளத்தில் தங்கியிருந்தார். 30ஆம் நாள் காலை அவர் உறக்கத்திலேயே உயிர் நீத்தமை தெரியவந்தது. வயது 52. அன்றைய நிலையில் நம் நாட்டில் இருந்த தொலைக்காட்சி நிலையம் தில்லி ஒன்றே. பம்பாய் நிலையம் கூட அடுத்த ஆண்டுதான் தொடங்கியது. ஊர்களுக்கெல்லாம் தொலைக்காட்சி என்று கனவு கண்டவர், நகரங்களுக்கே அது வந்துசேர்வதைக் காணாமல் சென்றார்.

35 பாகையில் ஓர் ஆண்டு

அவர் தயாரித்து வைத்த மனிதர்கள் பணியை விடவில்லை. பேராசிரியர் யஷ்பால் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் தலைமையில் இருந்தார்; சிட்னிஸ் அவர்கள் இத்திட்டத்தை நடத்தினார். ஏ.டி.எஸ்.-6 என்னும் அந்த அமெரிக்கக் கோள் 1974 மே 30ஆம் நாள் ஏவப்பட்டு, மேற்குத் தீர்க்கரேகை 94 பாகையில், பசிபிக் கடலில் காலபகோஸ் தீவுகளுக்குச் சற்று மேற்கே நிறுத்தப்பட்டது. முதல் ஓராண்டு அது அலாஸ்கா, அப்பலாச்சிய மலைப்பகுதி போன்ற அமெரிக்காவின் ஒதுக்குப்புற ஊர்களுக்குக் கல்வியும் மருத்துவ அறிவுரையும் கொண்டுசென்றது. 1975ஆம் ஆண்டின் நடுவில் அது தன் இடத்தை விட்டு நகர்த்தப்பட்டு, 129 பாகை கிழக்கே வந்து, கிழக்குத் தீர்க்கரேகை 35 பாகையில் நின்றது. அவ்விடம் ஆப்பிரிக்காவில், விக்டோரியா ஏரியின் கீழ்க்கரைக்கு அண்மையில், கென்ய நாட்டுக்கு நேர் மேலே உள்ளது. அங்கிருந்து இந்தியா கிழக்கே தெரியும். இந்திய ஊர்களில் உள்ள ஆண்டெனாக்கள் மேற்கு வானை நோக்கிச் சாய்ந்திருந்தன.

மேற்கே தள்ளி நிற்பதில் ஒரு நன்மையும் உண்டு. மார்ச், செப்டம்பர் திங்கள்களை ஒட்டி ஏறத்தாழ ஒன்றரைத் திங்கள் காலம் இவ்வகைக் கோள் ஒவ்வொரு நாளும் புவியின் நிழலில் புகும். மிகுதியாக 72 நிமிடம் வரை அதற்குச் சூரிய ஒளி கிடையாது. கதிரொளியால் மின்சாரம் பெறும் கோளுக்கு அது சோதனையான நேரம். நிழல் வருவது அக்கோளின் நேர் கீழே உள்ள ஊருக்கு நள்ளிரவாகும் வேளையில். ஆப்பிரிக்காவுக்கு நள்ளிரவு என்றால் இந்தியாவில் விடியலுக்கு முந்தைய மூன்று மணி. நிகழ்ச்சி முடிந்து ஊர் உறங்கும் நேரம்.

1975 ஆகஸ்ட் 1ஆம் நாள் ஒளிபரப்பு தொடங்கியது. ஆந்திரம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 ஊர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. நகரை ஒட்டிய ஊர்களை விட்டு, பின்தங்கிய ஊர்களையே தேடி எடுத்தனர். ஹைதராபாத்தில் செய்த பெட்டிகள் பள்ளியிலோ ஊர்ப் பொதுக் கட்டடத்திலோ வைக்கப்பட்டன. பத்தடி அகல ஆண்டெனா, கோழிக் கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையால் ஆனது. மின்சாரம் இல்லாத ஊரில் பெட்டி பேட்டரியால் இயங்கியது. தெலுங்கு ஊருக்கும் கன்னட ஊருக்கும் படம் ஒன்றே. ஒலி மட்டும் இரு மொழிகளில் தனித்தனியே வந்தது.

நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் நிகழ்ச்சி. காலையில் ஒன்றரை மணி பள்ளிப் பிள்ளைகளுக்கு. மாலையில் இரண்டரை மணி உழவு, உடல்நலம், குடும்ப நலம், கலைகள் பற்றிப் பெரியோருக்கு. ஒவ்வொரு மொழிக் குழந்தைக்கும் இருபத்திரண்டரை நிமிடம் கிடைத்தது. விடுமுறையில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் இவ்வழியே நடந்தது. சுமார் 50,000 ஆசிரியர்கள் அதனால் பயன் பெற்றனர். ஆசிரியப் பயிற்சியில் காலம் கழித்த நம் போன்றோர்க்கு இந்த எண்ணின் அருமை தெரியும். அத்தனை பேரை ஒரு கூரையின் கீழ்க் கூட்டுவது எவராலும் ஆகாது. வானத்தின் கீழ்க் கூட்ட முடிந்தது. நால்வகைத் தானங்களில் சாத்திர தானத்தை நம் முன்னோர் உயர்வாகப் போற்றினர். ஏடு எழுதி அளித்தது அந்நாளைய வழி. இது இந்நாளைய வழி என்று கொள்ளலாம்.

1976 ஜூலை 31ஆம் நாளுடன் இரவல் காலம் முடிந்தது. கோள் மீண்டும் மேற்கே கொண்டுசெல்லப்பட்டது. ஓராண்டுக்கு முன் அலாஸ்கா மக்கள் இழந்ததை இப்போது இந்திய ஊர் மக்கள் இழந்தனர். பெட்டி இருந்தது, ஆண்டெனா இருந்தது, அது நோக்கிய இடத்தில் கோள் இல்லை. இரவல் விளக்கால் வீட்டுக்கு நிலையான ஒளி இல்லை என்பதை ஊர் ஊராக உணர்த்திய நாள் அது.

நமக்கென்று ஓர் இடம்

சொந்தக் கோள் வேண்டும் என்று சாராபாய் தம் வாழ்நாளிலேயே திட்டம் வகுத்திருந்தார். அவ்வழியில் பிறந்ததே இன்சாட் வரிசை. 1982 ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ கிழக்கு 74 பாகையில் நிறுத்தப்பட்டது. பல கோளாறுகளால் ஐந்து திங்களுக்குள் செயலற்றுப் போயிற்று. மனம் தளராமல் 1983 ஆகஸ்ட் 30ஆம் நாள் இன்சாட்-1பி ஏவப்பட்டு அதே 74 பாகையில் நின்று வென்றது. 1992இல் இந்தியாவிலேயே செய்த இன்சாட்-2ஏ அவ்விடத்தை ஏற்றது. நாட்டின் தெற்கே, மாலத்தீவுகளுக்கு அருகில், பூமத்திய ரேகைக்கு மேலுள்ள இடம் அது.

அவ்விடத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. பூமத்திய ரேகை முற்றிலும் சீரான வட்டம் அன்று. அதனால் வளையத்திலுள்ள கோள்கள் மெல்ல இழுக்கப்பட்டு இடம் பெயர முற்படும். அவற்றை எரிபொருள் செலவிட்டு நிலைநிறுத்த வேண்டும். அந்த இழுப்பு அடங்கி, கோள் தானே அமைதியாக நிற்கக்கூடிய இடங்கள் அவ்வளையத்தில் இரண்டே. அவற்றுள் ஒன்று கிழக்கு 75 பாகையை ஒட்டியது. இயற்கையே நம் வானில் ஓர் ஆசனம் இட்டு வைத்திருக்கிறது எனலாம்.

2004 செப்டம்பர் 20ஆம் நாள், கல்விக்கென்றே செய்த எடுசாட் கோள் நம் ராக்கெட்டில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறி, அந்த 74 பாகையில் அமர்ந்தது. கடன் வாங்கிய கோளில் தொடங்கிய வகுப்பறைக்குச் சொந்தக் கோளும் சொந்த ஏணியும் கிடைக்க 29 ஆண்டுகள் ஆயின.

சாராபாயின் பெயரைத் தும்பா விண்வெளி மையம் தாங்குகிறது. நிலவிலும் ஒரு பள்ளத்துக்கு அவர் பெயர் இடப்பட்டது. 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் நிலவின் தென்முனைப் பகுதியில் இறங்கிய கலத்தின் பெயரும் விக்ரம். இவை பெருமைக்குரியவை. ஆயினும் அவர் பெரிதும் விரும்பியது நிலவில் பெயர் பெறுவதை அன்று. ஊர்ப்பள்ளியின் சுவரோரம் அமர்ந்த பிள்ளை ஒன்று புதிதாக ஒன்றைக் கற்பதையே.

அவ்விருப்பம் முழுதும் நிறைவேறிற்றா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். 1984இல் சில திங்கள் காலம் நாளொன்றுக்கு ஒரு ஒளிபரப்பு நிலையம் என்னும் வேகத்தில் தொலைக்காட்சி நாடெங்கும் பரவியது. பல்கலைக்கழகப் பாடங்களும் உழவர் நிகழ்ச்சிகளும் வந்தன. ஆயினும் நாளடைவில் தொடர்கதைகளும் விளம்பரங்களும் பெரும்பகுதியைக் கைக்கொண்டன. கோள் நின்ற இடத்தில் குறை இல்லை. அதன்வழி என்ன அனுப்புகிறோம், எதைக் காண அமர்கிறோம் என்பதில் குறை உண்டு. அக்குறையில் நமக்கும் பங்கு உண்டு.

83 பாகையில் நிறுத்திய கோளின் அலை காசிக்கும் சேரும், வந்தவாசிக்கும் சேரும். மாடி வீட்டுக்கும் ஓட்டு வீட்டுக்கும் ஒன்றாகவே பொழியும். பொழிவதில் வேற்றுமை இல்லாமல் செய்ய வேண்டும் என்று தம் உடலையும் பாராமல் உழைத்த ஒருவரை நினைந்து, நாள்தோறும் அரைமணி நேரமேனும் நம் பிள்ளைகளோடு அமர்ந்து பயனுள்ள ஒரு நிகழ்ச்சியைக் காண்போமாக. அடுத்தமுறை மாடியில் அந்தத் தட்டைத் திருப்பிப் பூட்டும்போது, பிள்ளைகளை அருகே அழைத்து, அது எங்கே நோக்குகிறது என்பதையும், அவ்விடத்தை முதலில் யாருக்காகத் தேடினார்கள் என்பதையும் கூறுவோமாக.